டாஸ் முதல் இ.எம்.ஐ. வரை: இரண்டு நிகழ்வுகள் சேரும்போது வாய்ப்புக் கணக்கு எப்படி மாறுகிறது?

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக்கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா டாஸ் தோற்றது. அதன்பிறகு ஒருநாள் போட்டிகளில் இந்திய அணி டாஸ் ஜெயிக்க 2025 டிசம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக கே.எல். ராகுல் டாஸ் ஜெயித்தார். அதற்கு முன்பு தொடர்ச்சியாகத் தோற்றது 20 டாஸ். ரோஹித் சர்மா 12, ராகுல் 5, சுப்மன் கில் 3.

இது நடக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது? சமூக வலைதளங்களில் சுற்றிய பதில், ‘பத்து லட்சத்தில் ஒன்று’. அந்த எண் சரிதான். ஆனால் அதிலிருந்து பலர் எடுத்த முடிவுகள் சரியில்லை. ‘இத்தனை தடவை தோத்தாச்சு, அடுத்தது கண்டிப்பா நமக்குத்தான்’ என்பது அதில் ஒன்று.

பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் நாம் எல்லோரும் படித்த பாடம்தான் இது. நாணயம், பகடை, சீட்டுக்கட்டு, பைக்குள் சிவப்புப் பந்து என்று போகும். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோம். ஆனால் வீட்டுக்கடன், அலுவலக புராஜெக்ட், சர்வர், நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் அதே பாடம்தான் வேலை செய்கிறது. கூட்டு நிகழ்வுகளின் நிகழ்தகவை இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

‘மற்றும்’ வந்தால் பெருக்கல்

ஒரு நாணயத்தைச் சுண்டினால் தோற்க வாய்ப்பு 1/2. இரண்டு முறை சுண்டினால் நான்கு விதமாக முடியலாம்: வெற்றி-வெற்றி, வெற்றி-தோல்வி, தோல்வி-வெற்றி, தோல்வி-தோல்வி. இரண்டிலும் தோற்பது அந்த நான்கில் ஒன்று. அதாவது 1/2 × 1/2 = 1/4.

முதல் நிகழ்வின் முடிவு இரண்டாவதைப் பாதிக்கவில்லை என்றால், இரண்டும் சேர்ந்து நடப்பதற்கான வாய்ப்பை அறிய இரண்டையும் பெருக்க வேண்டும். இப்படிப்பட்டவற்றைப் பாடப்புத்தகம் ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ என்கிறது. 20 டாஸையும் தோற்க, 1/2-ஐ 20 முறை பெருக்கினால் 10,48,576-ல் 1 வரும். பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு வந்தது இங்கிருந்துதான்.

இந்தப் பெருக்கலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வாய்ப்பு எப்போதும் 1-க்குள்தான் இருக்கும். 1-ஐ விடச் சின்ன எண்களைப் பெருக்கினால் விடை இன்னும் சின்னதாகும். ஆகவே ‘இதுவும் நடக்கணும், அதுவும் நடக்கணும், இன்னொன்னும் நடக்கணும்’ என்று நிபந்தனைகள் சேரச் சேர வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

அலுவலகத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு புராஜெக்டில் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றும் சொன்ன தேதியில் முடிய 90% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பாதுகாப்பாகத் தெரியும். ஆறும் தாமதமின்றி முடிய வாய்ப்பு? 0.9-ஐ ஆறு முறை பெருக்கினால் சுமார் 53%. ‘எல்லாம் 90 சதவீதம் சார்’ என்று மீட்டிங்கில் சொல்லப்பட்ட திட்டம், கிட்டத்தட்ட ஒரு டாஸ்.

சர்வர்களுக்கும் இதே கணக்குதான். ஒரு செயலி இயங்க பத்து சேவைகள் வேண்டும், ஒவ்வொன்றும் 99.9% நேரம் இயங்கும், ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடாது என்றால் செயலி முழுதாக இயங்கும் நேரம் சுமார் 99%. ஒரு வருஷத்துக்கு மூன்றரை நாளுக்கும் மேல் ஏதோ ஒன்று படுத்திருக்கும்.

‘அல்லது’ வந்தால் கூட்டல், ஆனால் கவனமாக

52 சீட்டுகளில் ஒன்றை எடுக்கிறோம். அது ராஜாவாகவோ ராணியாகவோ இருக்க வாய்ப்பு? ராஜா 4, ராணி 4. ஒரே சீட்டு இரண்டாகவும் இருக்க முடியாது. அதனால் நேராகக் கூட்டலாம்: 8/52. இவை ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’.

அதே கட்டில் எடுத்த சீட்டு ராஜாவாகவோ சிவப்பாகவோ இருக்க வாய்ப்பு? ராஜா 4, சிவப்பு 26, மொத்தம் 30 என்று சொன்னால் தப்பு. சிவப்பு ராஜாக்கள் இரண்டு பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒரு தடவை கழிக்க வேண்டும்: 4 + 26 − 2 = 28. விடை 28/52. கூட்டல் தேற்றம் சொல்வது இதைத்தான்: இரண்டையும் கூட்டு, இரண்டுக்கும் பொதுவானதை ஒரு முறை கழி.

பொதுவானதைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? சனிக்கிழமை மழைக்கு 50%, ஞாயிறும் 50%, அப்படியானால் வார இறுதியில் மழை 100% உறுதி என்று ஆகிவிடும். மூன்று நாள் விடுமுறை என்றால் 150%! எந்த நிகழ்வுக்கும் வாய்ப்பு 100%-ஐத் தாண்டாது. தாண்டினால் எங்கோ இரட்டை எண்ணிக்கை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

‘குறைந்தது ஒன்றாவது’ என்றால் தலைகீழாக யோசியுங்கள்

மழைக் கேள்விக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. ‘ஒரு நாளாவது மழை வருமா?’ என்று கேட்பதற்குப் பதில், ‘இரண்டு நாளும் மழையே வராமல் இருக்குமா?’ என்று கேளுங்கள். இரண்டு நாளும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், அது 0.5 × 0.5 = 25%. மீதி 75% தான் விடை. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘நிரப்பு நிகழ்ச்சி’.

இந்த இடத்தில் சறுக்கியதுதான் நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாற்றிலேயே புகழ்பெற்ற சம்பவம். 17-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் செவாலியே தெ மெரே என்பவர் பகடை ஆட்டத்தில் ஒரு முரணைக் கண்டார். ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். அதே விகிதத்தில், இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஒரு முறையாவது இரட்டை ஆறு விழும் என்று கட்டினாலும் லாபம் வரவேண்டும் அல்லவா? 6-க்கு 4 என்றால் 36-க்கு 24. ஆனால் வரவில்லை.

காரணம், இது விகிதக் கணக்கு இல்லை. நான்கு முறையும் ஆறு விழாமல் போக 5/6-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். அதை 1-லிருந்து கழித்தால் 51.8%. பாதிக்கு மேல், எனவே லாபம். இரட்டை ஆறுக்கு 35/36-ஐ 24 முறை பெருக்கிக் கழித்தால் 49.1%. பாதிக்குக் கீழ், எனவே நஷ்டம். 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இந்தப் புதிரும் இடம்பெற்றது. இன்றைய நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாக அந்தக் கடிதங்களைத்தான் சொல்கிறார்கள்.

இன்றைய உதாரணம் ஒன்று. 100 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு மோசடி மின்னஞ்சல் வருகிறது. ஒருவர் அதிலுள்ள லிங்கைத் தட்ட 2% தான் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ரொம்பக் கம்மியாகத் தெரிகிறது. ஆனால் 100 பேரில் ஒருவராவது தட்ட? ஒருவரும் தட்டாமல் இருக்க 0.98-ஐ 100 முறை பெருக்கினால் சுமார் 13%. ஆக, 87% வாய்ப்பில் யாரோ ஒருவர் தட்டிவிடுவார். ஆள் கணக்கில் சின்ன ஆபத்து, அலுவலகக் கணக்கில் பெரிய ஆபத்து. மோசடிக்காரர்கள் ஒரே மெசேஜை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்புவதன் கணிதம் இதுவே.

முதல் நிகழ்வு இரண்டாவதை மாற்றினால்?

இதுவரை பார்த்தவற்றில் பெரும்பாலும் ஒரு நிகழ்வு இன்னொன்றைத் தொடவில்லை. சீட்டுக்கட்டில் அடுத்தடுத்து இரண்டு சீட்டுகளை எடுக்கிறோம். இரண்டும் ஏஸ் ஆக இருக்க வாய்ப்பு?

முதல் சீட்டு ஏஸ் ஆக 4/52. அதைத் திரும்ப வைக்காவிட்டால் கட்டில் இருப்பது 51 சீட்டு, அதில் 3 ஏஸ். எனவே 4/52 × 3/51 = 1/221. முதல் சீட்டைத் திரும்ப வைத்துக் கலைத்திருந்தால் 1/13 × 1/13 = 1/169.

பொதுவான விதி இது: முதலாவது நடக்கும் வாய்ப்பு × ‘முதலாவது நடந்துவிட்டது என்று தெரிந்தபிறகு’ இரண்டாவது நடக்கும் வாய்ப்பு. இந்த இரண்டாவது எண்தான் நிபந்தனை நிகழ்தகவு. பெருக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: முதலாவது நடந்தது தெரிந்தபிறகு, இரண்டாவதைப் பற்றிய என் மதிப்பீடு மாறுகிறதா? மாறாவிட்டால் நேராகப் பெருக்கலாம். மாறினால் புது எண்ணைத் தேட வேண்டும்.

மழைக்கு இது பொருந்தும். காற்றழுத்தத் தாழ்வு நிலை ஒன்று கடலில் நிற்கிறது என்றால், சனிக்கிழமை பெய்த மழை ஞாயிறு மழைக்கான வாய்ப்பைக் கூட்டும். எனவே மேலே சொன்ன 75% உண்மையில் அப்படியே வராது.

அடுத்த டாஸ் யாருக்கு?

இப்போது டாஸுக்குத் திரும்புவோம். 20 தடவை தோற்றபிறகு 21-வது டாஸை ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 1/2. முதல் டாஸுக்கும் அதே 1/2 தான். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. தொடர் தோல்விக்குப் பிறகு வெற்றி ‘பாக்கி இருக்கு’ என்று நினைப்பதற்குச் சூதாடியின் பிழை என்று பெயர்.

இரண்டு கேள்விகளைக் குழப்புவதால் வரும் பிழை இது. ‘இனிமேல் வரும் 20 டாஸையும் தோற்போமா?’ என்பது ஒன்று. விடை 10,48,576-ல் 1. ‘ஏற்கெனவே 19 தோற்றாச்சு, இதையும் தோற்போமா?’ என்பது வேறு. விடை 2-ல் 1. முதல் 19-ம் நடந்து முடிந்தவை. அவற்றில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பத்து லட்சத்தில் ஒன்று என்பது, ‘அகமதாபாத்தில் தொடங்கி சரியாக இந்த 20’ என்று முன்கூட்டியே குறித்துவைத்திருந்தால் பொருந்தும் கணக்கு. நாம் அப்படிக் குறிக்கவில்லை. இந்தியா தனது 1,000-வது ஒருநாள் போட்டியை 2022 பிப்ரவரியிலேயே ஆடிவிட்டது. 1,000 டாஸ்களில் எங்கேயாவது ஓர் இடத்தில் தொடர்ந்து 20 தோல்வி வர வாய்ப்பு ஏறக்குறைய 2,000-ல் 1. மற்ற நாடுகளின் அணிகளையும், தொடர் வெற்றிகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். அரிதுதான், ஆனால் அமானுஷ்யம் இல்லை. நடந்து முடிந்ததைப் பார்த்துவிட்டு அதற்கு மட்டும் கணக்குப் போட்டால் எதுவுமே அதிசயமாகத்தான் தெரியும்.

டாஸும் மேட்ச்சும் வேறு என்பதற்கும் இதே வரிசையில் சாட்சி இருக்கிறது. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியா ஐந்து டாஸையும் தோற்றது. ஐந்து போட்டிகளையும் ஜெயித்துக் கோப்பையை வாங்கியது.

தப்பாகப் பெருக்கினால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகள் 1996-லும் 1998-லும் திடீரென இறந்தன. இரண்டையும் அவரே கொன்றார் என்று வழக்கு. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க வாய்ப்பு 8,543-ல் 1 என்றும், எனவே இரண்டு குழந்தைகளும் அப்படி இறக்க 7.3 கோடியில் 1 என்றும் குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சியம் சொன்னார். 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கியதுதான் அந்த எண். 1999-ல் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெருக்கலில் பிழை இல்லை. பெருக்கியதே பிழை. இரண்டு குழந்தைகளும் ஒரே பெற்றோருக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். மரபணுவோ சூழலோ காரணமாக இருந்தால், ஒரு குழந்தை அப்படி இறந்த வீட்டில் இரண்டாவது குழந்தைக்கும் ஆபத்து கூடுதலாக இருக்கும். இவை சார்பிலா நிகழ்ச்சிகள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று பிரிட்டனின் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி 2001-ல் பகிரங்கமாக அறிக்கை வெளியிட்டது.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. ‘ஒரு குற்றமற்ற வீட்டில் இப்படி நடக்க 7.3 கோடியில் 1’ என்பதும், ‘இவர் குற்றமற்றவராக இருக்க 7.3 கோடியில் 1’ என்பதும் ஒன்றல்ல. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிதான விளக்கங்களில் எது கூடுதல் சாத்தியம் என்று ஒப்பிடாமல், ஒன்றின் அரிதை மட்டும் காட்டி முடிவெடுக்க முடியாது.

2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்படாமல் போன மருத்துவப் பரிசோதனை முடிவுகள் அதற்கு முதன்மைக் காரணம், அந்த 7.3 கோடி கணக்கையும் நீதிபதிகள் கடுமையாக விமர்சித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்த சாலி கிளார்க் 2007-ல் இறந்தார்.

ஒரே காரணம், பல தோல்விகள்

நம் நாட்டில் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நடந்த மின்தடையும் இதே பாடம்தான். மத்தியப் பிரதேசத்தின் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டதும், அதன் பாரம் மற்ற பாதைகளுக்குத் தாவியது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 31-ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் மூன்றும் சரிந்து, 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகள் இருண்டன. மூன்று கிரிட்களும் ஒரே நாளில் விழும் வாய்ப்பை, ஒவ்வொன்றின் வாய்ப்பையும் பெருக்கிக் கண்டுபிடித்திருந்தால் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களின் கிரிட் அப்போது அந்த ஒத்திசைவுப் பிணைப்பில் இல்லை. அது சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ல். அதனால் தெற்கு தப்பியது.

‘ஒரு சர்வர் போனாலும் இன்னொன்று இருக்கு’ என்று சொல்லும்போதும் இதைக் கேட்க வேண்டும். தலா 1% நேரம் படுக்கும் இரண்டு சர்வர்கள், ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டும் சேர்ந்து படுப்பது 0.01% நேரம்தான். இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மின் இணைப்பில் இருந்தால் அந்த எண்ணை நம்பவே கூடாது.

உங்கள் வீட்டுக் கணக்கு

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். இருவர் சம்பளத்தையும் காட்டி வீட்டுக்கடன். ஒரு வருஷத்தில் வேலை போகும் வாய்ப்பு ஆளுக்கு 5% என்று உதாரணத்துக்கு வைப்போம்.

இருவரும் வேறு வேறு துறை, ஒருவர் வேலைக்கும் இன்னொருவர் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றால்: இருவருக்கும் வேலை போக 5% × 5% = 0.25%, அதாவது 400-ல் 1. யாராவது ஒருவருக்காவது போக 1 − 0.95 × 0.95 = 9.75%, கிட்டத்தட்ட 10-ல் 1.

இங்கே முக்கியமான கேள்வி, இ.எம்.ஐ. கட்ட ஒரு சம்பளம் போதுமா, இரண்டும் வேண்டுமா? ஒன்று போதும் என்றால் உங்கள் ஆபத்து 400-ல் 1. இரண்டும் வேண்டும் என்றால் உங்கள் ஆபத்து 10-ல் 1. ‘ரெண்டு சம்பளம் இருக்கு, பயமில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இந்த இரண்டு கணக்கும் ஒளிந்திருக்கிறது. கடன் தொகை கூடக் கூட, நீங்கள் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்கு நகர்கிறீர்கள்.

இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தால்? ஒருவருக்கு வேலை போனது தெரிந்தால், மற்றவருக்கும் போகும் வாய்ப்பு 5% அல்ல, 40% என்று வைப்போம். இருவருக்கும் போக 5% × 40% = 2%, அதாவது 50-ல் 1. முன்பைவிட எட்டு மடங்கு. யாராவது ஒருவருக்குப் போவது 5 + 5 − 2 = 8%, கொஞ்சம் குறைகிறது. சார்பு இருந்தால் கெட்டவை சேர்ந்தே வரும். அதனால் கெட்டது நடக்கும் வருஷங்கள் குறையும், ஆனால் நடக்கும் வருஷத்தில் அடி பலமாக விழும். அவசரகால சேமிப்பு எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று முடிவுசெய்யும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

கணக்குப் போடும் முன் நான்கு கேள்விகள்

ஒன்று: கேள்வியில் இருப்பது ‘மற்றும்’ தானா? என்றால் பெருக்கல், விடை ஒவ்வொரு தனி வாய்ப்பையும் விடப் பெரிதாக வரவே கூடாது.

இரண்டு: ‘அல்லது’ என்றால் கூட்டல். இரண்டும் சேர்ந்து நடக்க முடியுமா? முடிந்தால் பொதுவானதை ஒரு முறை கழிக்க வேண்டும்.

மூன்று: ‘குறைந்தது ஒன்று’ என்றால், ‘ஒன்றுமே நடக்காத’ வாய்ப்பைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழிப்பது சுலபம்.

நான்கு: ஒன்று நடந்தது தெரிந்தால் மற்றதன் வாய்ப்பு மாறுமா? ஒரே வீடு, ஒரே நிறுவனம், ஒரே மின்பாதை, ஒரே வானிலை என்று பொதுவான காரணம் ஏதாவது இருந்தால், எடுத்தவுடன் பெருக்காதீர்கள்.

முதல் மூன்றும் பரீட்சைக்கு மார்க் வாங்கித் தரும். பெரிய நஷ்டங்கள் பெரும்பாலும் நான்காவதைக் கேட்காமல் விடுவதால் வருகின்றன. யாராவது ‘இது நடக்க கோடியில் ஒரு வாய்ப்புதான்’ என்று சொன்னால், எந்த எண்களைப் பெருக்கி அந்தக் கோடி வந்தது என்று கேளுங்கள்.